பாஷோ முடியட்டும்

"கிழக்கா, மேற்கா?"

முன்னறையிலிருந்து தனசிங் கேட்டபோது ஐவியின் கைகள் மணிக்கட்டுவரை கேரட் துருவலில் புதைந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுப்பின் பண்டிகை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஸ்டாலுக்கு அல்வா அவள் பொறுப்பு. கேத்தியில் கேரட்டுக்கு என்ன பஞ்சம், ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சீவுவதற்குத்தான் ஒருத்தியும் இல்லை.

"உன்னத்தான் ஐவி. மணி பன்னெண்டாவப் போவுது. கிழக்கா, மேற்கா?"

"தெக்கு," என்றாள்.

"அட, வெளையாடாத. ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"தெக்குதானுங்க. எழுதிக்கங்க. இங்க ஆயிரம் சோலி கெடக்குது, உங்களுக்கு குண்டனுக கவல."

அவர் சிரிப்பது கேட்டது. பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு ஏதோ பேசினார். துருவியின் சத்தத்தில் அது என்னவென்று அவள் காதில் விழவில்லை. விழவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தொல்லை வந்துவிடும். ஜப்பானில் பதினைந்து நாள் நடக்கிற சுமோ மல்யுத்தப் போட்டிக்கு பாஷோ என்று பெயர். மேடையில் இந்தப் பக்கத்து மல்லன் கிழக்கு, அந்தப் பக்கத்து மல்லன் மேற்கு. எஸ்டேட் பேக்டரியில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற தனசிங், கிரிக்கெட் சேனல்களுக்குத் தனிக் கட்டணம் என்று ஆனபிறகு ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போய் ஒருநாள் ஜப்பான் சேனலில் இறங்கியவர்தான், அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. நீலகிரி மலையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருப்பதை எப்படியோ கண்டுபிடித்தார். கட்டபெட்டில் காத்தமுத்து, கூடலூர் தாண்டி ஸ்ரீமதுரையில் ஷிஜோ, குன்னூரில் இந்து. நால்வருக்கும் போனில் ஒரு குழு. மத்தியானத்துக்குள் அன்றைய முக்கியமான ஐந்து மல்லுகளில் ஜெயிக்கப்போவது யார் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும். பாஷோ முடிந்ததும் கடைசியாக வந்தவர் மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் ஊட்டி வர்க்கி வாங்கித்தர வேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிபட்டுப் படுத்துவிட்ட மல்லனுக்கு, அவன் வராத நாளெல்லாம் தோல்வி என்றுதான் ஜப்பான்காரன் எழுதுவான். தங்கள் ஆட்டத்தில் யாரும் அப்படி வராமல் தோற்கக்கூடாது என்று இந்த நால்வரும் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் பெயர் சொல்லத் தாமதித்தால் மற்றவர்கள் மாறி மாறிப் போன் அடித்து, தூக்கத்திலிருந்து எழுப்பியாவது வாங்கிவிடுவார்கள். காத்தமுத்து தன் மாமியார் இறந்த அன்று சுடுகாட்டு வாசலில் நின்று ஐந்து பெயரையும் சொன்னாராம். தனசிங் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஐந்தில் நான்கை அவரே கணித்துவிடுவார். ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் அடுக்களைப் பக்கம் குரல் வரும். யார் யாரோடு மோதுகிறார்கள் என்று சொல்லமாட்டார். கிழக்கா, மேற்கா, அவ்வளவுதான். ஐவியும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் என்றாலும், நாற்பது வருட தாம்பத்தியத்தில் அவளுடைய பேச்சை மறுபேச்சில்லாமல் அவர் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அந்த வியாழக்கிழமை அவள் தெக்கு என்று சொன்னதற்குக் காரணம் கேரட் மட்டும் இல்லை. முந்தின வாரம் மாடியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குன்னூர் டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் போயி ஆஞ்சியோ பண்ணிடுங்க. ஒடனே போங்க, தள்ளிப்போடாதீங்க," என்றார். வீட்டுக்கு வந்ததும் தனசிங் சொன்னார்: "பாஷோ முடியட்டும், ஐவி."

"உசுரு பெருசா, குண்டனுக பெருசா?"

"ஞாயித்துக்கெழம முடிஞ்சிரும். திங்கக்கெழம காலைல கெளம்பறோம். நானே சொல்றேன்ல?"

அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார், மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பாஷோவை மட்டும் விடவில்லை. யாரோ முன்பின் தெரியாத மூன்று பேர் தன் புருஷனை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று ஐவி நம்பினாள். போன் 'டிங்' என்று ஒலிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

பன்னிரண்டரைக்கு மேல் டிவியில் ஆட்டம் தொடங்கியது. அவள் அல்வா கிளறிக்கொண்டிருந்தாள். பால் சுண்டி, துருவல் கரண்டியோடு சேர்ந்து சுழலத் தொடங்கும் நேரம் அடுப்பைவிட்டு நகர முடியாது. வழக்கமாக முன்னறையிலிருந்து வர்ணனை வந்தபடி இருக்கும். "தள்றா, தள்றா... பாயிலர் மாதிரி ஒடம்ப வெச்சுக்கிட்டு நிக்கறான் பாரு!" மல்லர்களுக்கெல்லாம் அவர் உள்ளூர்ப் பெயர் வைத்திருந்தார். பாயிலர், ரோடு ரோலர், பாலாடா முட்டைக்கோஸ். யாராவது ஒருவன் மோதுவதுபோலப் பாய்ந்து வந்து, கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒதுங்கி, எதிராளியைக் குப்புற விழ வைத்து ஜெயித்துவிட்டால் மட்டும் தனசிங்குக்கு ஆகவே ஆகாது. "தூ! ஒதுங்கிட்டான் பாரு! நேருக்கு நேர் நிக்கத் துப்பில்லாதவன்!" அடுக்களையில் பாத்திரம் அதிரும்.

அன்று சத்தம் இல்லை. தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஐவி நினைத்தாள். தோற்கும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். இன்னும் கொஞ்சம் தோற்கட்டும் என்றுகூட நினைத்தாள். நெய் பிரிந்து வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "சோறு போடட்டுங்களா?" என்று கேட்டாள். "உங்களத்தானுங்க, அப்பறம் ஆறிப்போச்சுன்னு சொல்லப்படாது." டிவியில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவள் வந்து பார்த்தபோது தனசிங் நாற்காலியில் சற்றே சாய்ந்து, கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்க, மல்லர்கள் ஒருவருக்கொருவர் தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார்.

பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன்தான் காரை எடுத்தார். குன்னூர் போவதற்குள் ஐவி தனசிங்கின் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்ததில் அவள் கைதான் சிவந்தது. அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "கொண்டு வரும்போதே இல்லைங்கம்மா," என்றார்.

அவளுடைய கைப்பையில் கிடந்த அவருடைய போன் மட்டும் 'டிங்', 'டிங்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தாள். திரையின் மேல் ஒரு வரி ஓடியது: அண்ணே, அஞ்சுல நாலு! பலே பலே!

போனைத் திருப்பிப் பையின் அடியில் போட்டாள்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து ஜோவிதா வந்து சேர்ந்தாள். ஒரே மகள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழத் தொடங்கியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஐவி அழவில்லை. அழுவதற்கு அவளை யார் விட்டார்கள்? ஐஸ் பெட்டி வந்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் போனை எடுக்கவில்லை. சவப்பெட்டி செய்கிறவர் கொண்டுவந்த பெட்டி நீளம் பற்றாமல் போய், "அண்ணன் இத்தன உயரம்னு யாருமே சொல்லலீங்களே," என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார். பெட்டியின் மேல் எந்த வசனம், எந்தப் படம், எந்தப் பாட்டு என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். ஆயர் வந்து ஜெபித்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். பண்டிகைக்கு வாழைமரமும் கரும்பும் கட்டி, காய்கறித் தோரணம் போட்டுக் கோயிலை அலங்கரித்தாகிவிட்டது, இனி அவிழ்க்க முடியாது, பரவாயில்லையா?

"இருக்கட்டுமுங்க," என்றாள் ஐவி. வேறு என்ன சொல்வது?

அல்வாவை ரவிச்சந்திரனின் மனைவி தட்டில் கொட்டி, துண்டு போட்டு, டப்பாக்களில் அடைத்துவிட்டிருந்தாள். அது மட்டும் பிசிறில்லாத பதத்தில் வந்திருந்தது. அதைப் பார்த்தபோது ஐவிக்கு எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அலமாரியின் மேலிருந்த போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஜெபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். மூன்றாம் முறை அடித்தபோது ஐவி எழுந்துபோய் எடுத்தாள்.

"என்னண்ணே இது, காலையில இருந்து ஆளையே காணோம்? மணி ஆவுதுல்ல. அஞ்சு பேரையும் சொல்லுங்க, நான் எழுதிப் போட்டுர்றேன். மொத மல்லு நம்ம ரோடு ரோலரு..."

"அவர் இல்லைங்க."

"ஓ, டீச்சரம்மாங்களா? வணக்கமுங்க. காத்தமுத்து பேசுறேன், கட்டபெட்டு. அண்ணன் வெளிய போயிட்டாருங்களா? பரவாயில்லீங்க, வந்த ஒடனே ஒரு..."

"இறந்துட்டாருங்க."

அந்தப் பக்கம் டிவியில் யாரோ ஜப்பான் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"எப்பங்க?"

"நேத்து. உங்க ஆட்டத்தப் பாத்துக்கிட்டே. இப்ப சந்தோசமுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். ஜோவிதா அருகில் வந்து, "யாரும்மா?" என்றாள்.

"குண்டனுக கட்சி," என்றாள் ஐவி. அவளாகத் தேடிப் போகாமல், திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் கோயிலில் தனசிங்கின் பெட்டியைப் பலிபீடத்தின் முன்னால் இறக்கினார்கள். இருபுறமும் முட்டைக்கோஸ் குவியல், தழையோடு கட்டிய கேரட் கொத்துகள், பூசணிக்காய், பீட்ரூட், தூணுக்குத் தூண் கரும்பு. அலங்காரம் செய்த வாலிபர் சங்கப் பையன்கள் என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னால் நின்றார்கள். ஆயர் கோதுமை மணியைப் பற்றிப் பிரசங்கித்தார். ஐவி கேட்கவில்லை. கடைசி வரிசையில் புதிதாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். கோடு போட்ட கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருந்த வயதானவர் ஒருவர். தாடி வைத்த முப்பது வயதுக்காரன் ஒருவன். மழைக்கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண். எல்லோரும் எழும்போது கொஞ்சம் தாமதித்து எழுந்தார்கள், உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

வரட்டும், என்று நினைத்துக்கொண்டாள். அடக்கம் முடியட்டும்.

கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. குழியில் சேறு இறங்கியது. கயிற்றை விட்டவர்களில் ஒருவர் வழுக்கப் பார்க்க, அந்தத் தாடிக்காரன் தாவிப் பிடித்து நிறுத்தினான். ஐவி ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டாள். ஈர மண் கையைவிட்டு விழாமல் ஒட்டிக்கொண்டது. உதறி உதறிப் போட வேண்டியிருந்தது. அதுகூட ஒழுங்காக நடக்கவில்லை.

வீட்டில் காப்பி. வந்தவர்கள் குடித்துவிட்டு, "தைரியமா இருங்க டீச்சர்," என்று சொல்லி ஒவ்வொருவராக இறங்கினார்கள். போர்டிகோவில் தகரக் கூரையின் கீழே அந்த மூன்று பேர் மட்டும் நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார்கள். ஐவி நேரே அவர்களிடம் போனாள்.

வயதானவர் கும்பிட்டார். "காத்தமுத்துங்க. காலையில போன்ல... தெரியாமப் பேசிட்டேனுங்க டீச்சரம்மா."

தாடிக்காரன் ஷிஜோ. ஸ்ரீமதுரையிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறான். அந்தப் பெண், "நான் இந்துமதிங்க்கா. குன்னூர் போஸ்ட் ஆபீஸ்ல கவுன்டர்ல இருக்கேன்," என்றாள்.

"இந்துன்னா ஆம்பளைன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்பிடித்தானுங்க்கா. அண்ணன் மொத பாஷோ முழுக்க 'தம்பி, தம்பி'ன்னுதான் போட்டாரு. நானும் சொல்லல."

ஷிஜோவுக்கு உதடு லேசாக நெளிந்தது. குனிந்துகொண்டான்.

"உங்கள எங்களுக்கு நல்லாத் தெரியுங்க்கா," என்று இந்துமதி தொடர்ந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்கிற தவிப்பு அவள் குரலில் இருந்தது. "தெனமும் ஒரு மல்லு நீங்க சொல்றதுதானே. அத எப்பவுமே 'இது ஐவி கணக்கு'ன்னு தனியாத்தான் போடுவாரு. நேத்துகூட, 'ஐவி தெக்குங்கறா, தெக்குப் பக்கம் நடுவர்தான் நிக்கறான், அவனப் போட்டுறட்டுமா'ன்னு பேசி அனுப்புனாரு. நாங்க சிரிச்சு..." மழைக்கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தன் அடுக்களைப் பேச்சு இத்தனை வருடமாகக் கட்டபெட்டுக்கும் கூடலூருக்கும் போய்க்கொண்டிருந்தது ஐவிக்கு இப்போதுதான் தெரிந்தது. இதற்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று நிற்க அவளுக்கு நேரம் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். அவருக்கு நெஞ்சு வலி வந்தது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க," என்றார் காத்தமுத்து.

"டாக்டர் ஒடனே கோயமுத்தூர் போகச் சொன்னது?"

"அதுவும் தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா போனப் போட்டுப் போட்டுப் பேரு கேட்டீங்க? ஏனுங்க, வர்க்கி திங்கறதுக்கு வேற வழி இல்லீங்களா உங்களுக்கு? கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன். பாஷோ முடியட்டும், பாஷோ முடியட்டும்னு இதே பாட்டு. ஒருத்தர், மூணு பேர்ல ஒருத்தர், 'ஆட்டம் கெடக்குது, நீ மொதல்ல போ'ன்னு சொல்லியிருந்தா..."

மழை தகரத்தில் இரைந்தது. காத்தமுத்து வாயைத் திறந்தார். இந்துமதி அவர் கையைத் தொட்டு, "அண்ணா, வேண்டாம்," என்றாள் மெதுவாக.

"என்ன வேண்டாம்? சொல்லட்டும்."

காத்தமுத்து குல்லாயை இரண்டு கையாலும் பிசைந்தார். "எங்கக்கிட்ட அண்ணன் அப்பிடிச் சொல்லலீங்களே, டீச்சரம்மா."

"பின்ன?"

"அறுப்புப் பண்டிகை முடியட்டும்னாரு."

ஐவிக்குப் புரியவில்லை.

"டீச்சர் ஸ்டாலு எடுத்திருக்கு, நாலு மாசமா அதே நெனப்பா இருக்கு, இந்த நேரத்துல நான் ஆஸ்பத்திரின்னு கெளம்புனா ஒடஞ்சு போயிரும், ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கிறேன்னாரு. நாங்க சொல்லாம இல்லீங்க. மூணு பேரும் சண்ட போட்டோம். நான் ரெண்டு நாளு பேசக்கூட இல்ல. அதுக்கு என்னா செஞ்சாரு தெரியுங்களா? நான் சொல்ல வேண்டிய அஞ்சு பேரையும் சேத்து அவரே போட்டுட்டாரு, நான் வராமத் தோக்கக்கூடாதுன்னு."

"சேச்சி," என்றான் ஷிஜோ, மலையாளம் கலந்த தமிழில். "ஞான் வண்டி கொண்டு வராம்னு பறஞ்சதாக்கும். வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கறேன், ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே போன்ல பாஷோ பாக்கலாம், ஞங்களும் கூட இருக்கோம்னு. சேட்டன் கேட்டில்ல. 'வேண்டாம்டா மோனே, என் பொண்டாட்டி விடமாட்டா'ன்னு."

விடமாட்டாளா? அன்றைக்கே, அந்த நிமிஷமே, ஸ்டாலை யார் தலையிலாவது கட்டிவிட்டு, கேரட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு வண்டியில் ஏறியிருப்பாளே அவள்! அதைச் சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பின்னால் காப்பித் தட்டோடு ஜோவிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எங்கிட்ட ரோடு மூடியிருக்குன்னாரும்மா," என்றாள். "மழையில பர்லியாறுகிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஆம்புலன்ஸ் கூடப் போகல, திங்கக்கிழமைதான் தொறப்பாங்களாம்னு. உன்கிட்ட கேக்க வேண்டாம், நீ பயந்துக்குவேன்னு சொன்னாரு."

"ரோடு அடைச்சதே இல்லல்லோ," என்றான் ஷிஜோ, தன்னையறியாமல்.

மனைவிக்கு ஒரு காரணம், நண்பர்களுக்கு ஒரு காரணம், மகளுக்கு ஒரு காரணம். ஸ்டோரில் சாமான் அடுக்குவதுபோல ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறார் மனிதர்.

"ஆண்ட்ரூ பெரியப்பாவையும் கோயமுத்தூருக்குத்தானேம்மா கொண்டுபோனாங்க," என்றாள் ஜோவிதா. "ஆஞ்சியோவுக்குன்னுதானே."

தனசிங்கின் அண்ணன். சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டு, தானே நடந்து போய் வண்டியில் ஏறியவர். மூன்றாம் நாள் அதே வண்டியில் உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். கூடப் போயிருந்தவர் தனசிங்தான். திரும்பி வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்டதில்லை. பேசாததால் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒதுங்கிட்டாரு மனுசன்," என்றார் காத்தமுத்து. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

ஐவி இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்க இடம்தான் இல்லை. எதிரில் நிற்பது சேறு அப்பிய செருப்போடு மூன்று பேர். அவர்கள் பங்குக்கு அவர்களும் அவள்மேல் கோபமாகத்தான் இந்த ஒரு வாரமும் இருந்திருப்பார்கள். ஸ்டால் பெரிதா, புருஷன் உயிர் பெரிதா என்று கட்டபெட்டிலும் குன்னூரிலும் அவளைத் திட்டியிருப்பார்கள். கேட்டால் இல்லை என்பார்கள். இப்போது போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து, ஏனுங்க, பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த, எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னா என்னங்க கொறஞ்சு போயிருவீங்க என்று கேட்க வேண்டும். அதற்கும் வழியில்லாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தாயிற்று.

"காப்பி ஆறுது," என்றாள். "உக்காந்து குடிங்க."

மூவரும் உட்கார்ந்தார்கள். இந்துமதி எழுந்து தட்டிலிருந்த தம்ளரை எடுத்துக் காத்தமுத்துவின் கையில் கொடுத்தாள். புறப்படும்போது ஷிஜோ, "சேச்சி, என்ன வேணும்னாலும் ஒரு போன்," என்று தொடங்கி, அந்தச் சொல்லிலேயே தடுக்கி நின்றுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு மழையில் இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பண்டிகை நடந்தது. ஐவி போகவில்லை. ஏலம் விடுகிற ஒலிபெருக்கிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. ஒரு சேவலை யாரோ விட்டுக்கொடுக்காமல் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோயிலிலிருந்து வந்த ரவிச்சந்திரனின் மனைவி, அல்வா பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது, எல்லோரும் கேட்டார்கள் என்றாள். ஐவி சரி என்றாள்.

மத்தியானம் நெருங்கியபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அலமாரியின் மேல் பேசாமல் கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள் போல. எரிச்சலாக வந்தது. இவர்கள் அடித்தால் எரிச்சல், அடிக்காவிட்டாலும் எரிச்சல். கீரையில் நல்லதையும் குப்பையில் போட்டுக்கொண்டிருப்பதை ஜோவிதா பார்த்து, முறத்தை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் என்னோட வந்து இரும்மா."

"வர்றேன். இப்ப இல்ல."

"எப்ப?"

ஏதோ ஒரு காரணம் நாக்கின் நுனிவரை வந்தது. மாதக் கடைசி, கல்லறை கட்டுகிற வேலை, ஏதோ ஒன்று. ஐவி அதை விழுங்கினாள். "எனக்கு இந்த ஊட்ட விட்டு வரப் பயமா இருக்குது, ஜோவி," என்றாள். ஜோவிதா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஜோவிதாவுக்குக் கோயமுத்தூரில் ரயில். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஐவி எல்லநள்ளி நிறுத்தம் வரை கூட வந்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், காய்கறி மூட்டைகளோடு இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஊட்டியிலிருந்து வந்த பஸ் வளைவில் திரும்பி நின்றது. நடத்துனர் படிக்கட்டில் தொங்கியபடி, "குன்னூரு, மேட்டுப்பாளையம், கோயமுத்தூர்!" என்று குரல் கொடுத்தார்.

ஜோவிதா ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பாதி வண்டி காலியாக இருந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அவள் தன் பையை வைத்தாள். நடத்துனர் கீழே நின்ற ஐவியைப் பார்த்தார்.

"ஏறுங்கம்மா, எடமிருக்குது."

"நான் வரலீங்க."

"ரோடெல்லாம் நல்லாருக்குதுங்கம்மா. மூணு மணி நேரத்துல கொண்டுபோயி விட்டுருவோம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் விசில் அடித்தார்.

"செரி. இத விட்டாலும் அரை மணிக்கு ஒரு வண்டி இருக்குதுங்க," என்றார், படியில் ஏறிக்கொண்டே.